பட்டுக்கூடு முதல் புடவைக் கடை வரையில்: பொதுத் தகவற் பதிவேட்டின் பயன்

திருவண்ணாமலை ஜில்லாவில் செய்யாற்றங்கரையிலுள்ள செய்யாறு நகரும், அதற்கு மேற்கேயுள்ள ஆரணியும் இரு வேறு தொழில்களால் பெயர் பெற்றவை. செய்யாற்றைச் சூழ்ந்த கிராமங்களில் நெல்லும், வேர்க்கடலையும், கரும்பும் முக்கியமான சாகுபடி. ஆரணியிலோ பட்டுத் தறியும் அரிசி ஆலையும் பிரதானம். இவ்விரு ஊர்களின் விளைபொருளும் கைப்பொருளும் உண்டாக்கியவர் கையிலிருந்து உபயோகிப்பவர் கைக்கு நேரே போய்ச் சேர்வதில்லை. இடையில் நாலைந்து கைகள் மாறுகின்றன. அவ்வாறு மாறும் கைகளின் வரிசையே இக்காலத்து வியாபாரிகளால் விநியோகச் சங்கிலி எனப்படுகிறது. அச்சங்கிலியில் சரக்கு ஒரு திசையில் செல்ல, பணமும் தகவலும் எதிர்த் திசையில் வருகின்றன. பணம் தாமதித்தால் எல்லோருக்கும் உடனே தெரிந்துவிடும். தகவல் தாமதிப்பதையும் திரிந்து வருவதையும் கவனிப்பார் அரிது. அதனால் விளையும் நஷ்டம் பெரும்பாலும் சங்கிலியின் கடைசிக் கண்ணியாகிய குடியானவர் தலையிலேயே விழுகிறது. இது எவ்வாறு நேரிடுகிறதென்பதையும், பெரிய கம்பெனிகள் இதற்குக் கண்ட பரிகாரம் யாதென்பதையும் நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் அறிந்திருத்தல் நலம்.

ஆரணிப் புடவையையே உதாரணமாக எடுத்துக் கொள்ளலாம். அதன் ஆதி மல்பெரித் தோட்டம். அத்தோட்டம் பெரும்பாலும் ஆரணியில் இல்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி, ஈரோடு, கோயமுத்தூர் முதலிய ஜில்லாக்களிலும், அவற்றிற்கப்பால் கர்நாடகத்திலும் இருக்கிறது. மல்பெரி இலையைத் தின்று புழு வளர்கிறது. நான்கு முறை தோலுரித்து, ஏறக்குறைய 25 நாட்களில் முதிர்ந்து, சந்திரிகையில் ஏறிக் கூடு கட்டுகிறது. கூட்டை வளர்ப்பவர் அங்காடிக்குக் கொண்டு செல்ல, நூற்பாளர் ஏலத்தில் எடுத்து, வெந்நீரிலிட்டு இழை பிரிக்கிறார். நல்ல வெண்பட்டுக் கூடாயின் ஒரு கிலோ கச்சாப் பட்டுக்கு ஆறு அல்லது ஏழு கிலோ கூடு செல்லும். அந்நூல் முறுக்கேற்றப்பட்டு வியாபாரியிடமோ பட்டுப் பரிமாற்று நிலையத்திடமோ வருகிறது. அங்கிருந்து கூட்டுறவுச் சங்கமோ ஜவுளி முதலாளியோ வாங்கிச் சாயம் தோய்த்துப் பாவு போட்டுத் தறிக்காரரிடம் கொடுக்க, அவர் நெய்து கொடுத்த புடவை கடைக்குச் செல்கிறது. கல்யாண மாதத்தில் ஒரு பெண் சென்னைக் கடையில் புடவையை விரித்துப் பார்க்கும்போது, அதன் இழையைத் தந்த புழு செத்துப் பல மாதங்கள் ஆகியிருக்கும்.

இவ்வரிசையில் ஒவ்வொருவருக்கும் தமக்கு அடுத்தவருடைய ஆர்டர் மாத்திரமே தெரியும். கடையில் உண்மையாக எத்தனை புடவை விற்றதென்பது கடைக்காரர் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. தறி முதலாளி அதைக் காண்பதில்லை. தறி முதலாளியிடம் எவ்வளவு நூல் இருப்பில் உள்ளதென்று நூல் வியாபாரிக்குத் தெரியாது. நூல் வியாபாரியின் கிடங்கு நூற்பாளருக்கு மறைவு. மல்பெரி பயிரிடுபவருக்கோ இவற்றுள் ஒன்றும் தெரியாது. அன்றைய அங்காடி விலை ஒன்றே அவருக்குக் கிடைக்கும் செய்தி.

இதன் விளைவைச் சிறு கணக்கொன்றால் விளக்கலாம். இது விளங்குவதற்காக வைத்துக் கொண்ட கணக்கேயன்றி எந்தக் கடையின் உண்மைக் கணக்குமன்று. ஒரு கடையில் மாதம் 100 புடவை விற்று வருகிறது. ஒரு மாதத்தில் 110 விற்றது. கடைக்காரர் விற்ற 110ஐ நிரப்புவதோடு, இனி விற்பனை ஏறுமென்று கருதிக் கைக்காவலாக 10 சேர்த்து 120க்கு ஆர்டர் செய்கிறார். தறி முதலாளி 100 எதிர்பார்த்த இடத்தில் 120 வரவே, அவரும் கைக்காவலாக 20 சேர்த்து 140 புடவைக்குரிய நூலைக் கேட்கிறார். நூல் வியாபாரி 140ஐக் கண்டு 180க்கு நூற்பாளரிடம் சொல்லுகிறார். மறு மாதம் கடையில் வழக்கம் போல 100 தான் விற்றது. முன்பு அதிகமாக வாங்கிய 10 கையிலிருப்பதால் கடைக்காரர் 90 மாத்திரம் கேட்கிறார். தறி முதலாளி தம்மிடமுள்ள 20ஐக் கழித்து 70க்கு நூல் கேட்கிறார். நூல் வியாபாரி தம்மிடம் தங்கிய 40ஐக் கழித்து 30க்கே ஆர்டர் தருகிறார். கடையில் நேர்ந்த மாறுதல் பத்துப் புடவை. நூற்பாளர் கண்டதோ ஒரு மாதம் 180, மறு மாதம் 30. இவர்களில் ஒருவரும் பொய் சொல்லவில்லை, ஒருவரும் மூடரல்லர். ஒவ்வொருவரும் தத்தம் வரையில் ஜாக்கிரதையாகவே நடந்தனர். அந்த ஜாக்கிரதையே கூடிக் கூடிச் சவுக்கின் பிடியில் உண்டான சிறு அசைவு நுனியில் பெரு வீச்சாவது போலாயிற்று.

மேல்நாட்டு ஆராய்ச்சியாளர் இதற்குச் சவுக்கு விளைவென்றே பெயரிட்டிருக்கின்றனர். அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஜே பாரஸ்டர் என்பவர் 1958இல் எழுதிய கட்டுரையிலும் 1961இல் வெளியிட்ட நூலிலும் ஆலைகளின் உற்பத்தி ஏறி இறங்குவதற்குப் பெரும் காரணம் வெளியிலுள்ள கிராக்கியன்று, ஆர்டர் செல்லும் முறையும் தாமதமுமே என்று கணக்கிட்டுக் காட்டினார். பின்னர் பிராக்டர் அண்டு காம்பிள் கம்பெனியார் குழந்தைகளுக்குக் கட்டும் அணையாடை வியாபாரத்தில் இதையே கண்டனர். குழந்தைகளின் தொகை மாதத்துக்கு மாதம் மாறுவதில்லை. கடை விற்பனையும் ஏறக்குறைய ஒரே சீராயிருந்தது. ஆயினும் மொத்த வியாபாரிகளின் ஆர்டர்கள் பெரிதும் ஏறி இறங்கின. கம்பெனி தன் மூலப்பொருளுக்கு அனுப்பிய ஆர்டர்களோ அதனினும் அதிகமாக ஆடின. 1997இல் ஹாவ் லீ முதலிய மூவர் எழுதிய கட்டுரைகளால் இவ்விஷயம் உலகெங்கும் பிரசித்தமாயிற்று.

பரிகாரமும் அந்நாட்டிலேயே முதலில் பெரிய அளவில் செய்து பார்க்கப்பட்டது. 1980களின் பிற்பகுதியில் வால்மார்ட் என்னும் கடைக் கம்பெனியும் மேற்சொன்ன பிராக்டர் அண்டு காம்பிள் கம்பெனியும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தன. கடையில் விற்பனையாகும் சரக்கின் கணக்கைக் கம்ப்யூட்டர் மூலம் உற்பத்திக் கம்பெனியே நேரில் காணலாயிற்று. ஆர்டருக்குக் காத்திராமல், எவ்வளவு விற்றதோ அதைக் கண்டு சரக்கை நிரப்பும் வழக்கம் ஏற்பட்டது. 1991இல் வால்மார்ட் தன் சரக்கு உற்பத்தியாளர் பலருக்கும் இவ்வாறு கணக்கைக் காணும் வசதியைத் திறந்து கொடுத்தது. கண்ணுக்குத் தெரிந்த சரக்குக்குக் கைக்காவல் சேர்க்க வேண்டியதில்லை என்பதே இதன் தத்துவம்.

இது கேட்பதற்கு எளிது. செய்வதற்கு அவ்வளவு எளிதன்று. இத்தாலி தேசத்தில் கோதுமை ரவையினால் நம் நாட்டுச் சேமியா போன்ற பண்டம் செய்யும் பாரில்லா கம்பெனி 1980களின் இறுதியில் இதே முறையைக் கொண்டுவர முயன்றது. மொத்த வியாபாரிகள் தினந்தோறும் தங்கள் இருப்பையும் விற்பனையையும் தெரிவித்தால், எப்பொழுது எவ்வளவு அனுப்புவதென்பதைக் கம்பெனியே தீர்மானிக்கும் என்று சொல்லிற்று. வியாபாரிகள் ஒருவரும் இசையவில்லை. தங்கள் கணக்கைப் பிறர் கையில் கொடுத்தால் தங்கள் அதிகாரமே போய்விடுமென்று அஞ்சினர். கம்பெனியின் சொந்த விற்பனைச் சிப்பந்திகளும், தங்கள் உத்தியோகத்திற்கு ஹானி வருமோவென்று எதிர்த்தனர். கடைசியில் கம்பெனி பிளாரன்ஸ் நகரிலிருந்த தன் சொந்தக் கிடங்கிலேயே முறையை முதலில் நடத்திக் காட்டிற்று. சுமார் பத்து நாட்களுக்குரிய சரக்கிருப்பு நான்கு நாட்களுக்கும் குறைவாயிற்று. கடைகளுக்குச் சரக்கில்லை என்று சொல்ல வேண்டிய சந்தர்ப்பமும் முன்னிலும் குறைந்தது. அதன் பின்னரே வெளி வியாபாரிகள் இணங்கினர். கணக்கைக் காட்டு என்று கேட்பவர் முதலில் தம் கணக்கைத் திறந்து வைக்க வேண்டியதாயிற்று.

மீண்டும் பட்டுக்கு வருவோமாயின், சவுக்கின் நுனியில் நிற்கும் புழு வளர்ப்பவரின் நிலை மற்றெவரினும் இடரானது. புடவைக்காரர் விலை சரியில்லாவிடில் பெட்டியில் வைத்திருக்கலாம். நூல் வியாபாரி கிடங்கில் போடலாம். கூட்டை அவ்வாறு வைத்திருக்க முடியாது. உள்ளிருக்கும் புழு சில நாட்களில் அந்துப்பூச்சியாகிக் கூட்டைத் துளைத்து வெளிவரும். துளைபட்ட கூட்டில் நெடிய இழை கிட்டாது. ஆதலால் கூடு கட்டி முடிந்த சில தினங்களுக்குள் எந்த விலைக்காயினும் விற்றே தீரவேண்டும். மறுபுறம் மல்பெரித் தோட்டமோ ஒரு முறை நட்டால் பத்து, பதினைந்து வருஷம் நிற்கக் கூடியது. முதல் அறுவடைக்கே பல மாதங்கள் செல்லும். நீண்ட காலத்துக்குரிய முடிவை ஒரு நாளைய விலையைக் கண்டு செய்யும்படி நேரிடுகிறது. 180 ஆர்டர் வந்த மாதத்தின் விலையைக் கண்டு நடுபவர், 30 ஆர்டர் வரும் மாதத்தில் இலை வெட்டுகிறார்.

இதற்கு மெய்யான சம்பவமும் உண்டு. 2011-12ஆம் வருஷத்து மத்திய வரவு செலவுத் திட்டத்தில் வெளிநாட்டுக் கச்சாப் பட்டின் இறக்குமதித் தீர்வை நூற்றுக்கு 30லிருந்து 5 ஆகக் குறைக்கப்பட்டது. தறிக்காரருக்கு நூல் மலிவாகக் கிடைக்க வேண்டுமென்பது அதன் நோக்கம். கூட்டின் விலை சரிந்தது. கர்நாடகத்தில் குடியானவர்கள் கிளர்ச்சி செய்ததோடு சிலர் மல்பெரியைப் பிடுங்கியும் போட்டனர். 2013இல் தீர்வை 15 ஆக உயர்த்தப்பட்டது. ஆயினும் பிடுங்கிய தோட்டம் தீர்வை உயர்ந்த மாத்திரத்தில் முளைத்துவிடாது. எந்தத் தகவற் பதிவேடும் சர்க்கார் தீர்வையைத் தடுக்காது. தறிக்காரர் நலமும் கூடு வளர்ப்பவர் நலமும் முரண்படும் இடத்தில் சமாதானமும் செய்து வைக்காது. ஆனால் நூல் இருப்பு எங்கே எவ்வளவு, தறிக்கு மாதம் வேண்டுவது எவ்வளவு என்பது இரு தரப்பாருக்கும் ஒரே ஏட்டில் தெரிந்திருந்தால், சரிவு தற்காலிகமா நீடிப்பதா என்று யோசித்து மண்வெட்டியை எடுக்கவாவது இடமிருந்திருக்கும்.

கூட்டங்காடிகளில் சில சீர்திருத்தங்கள் ஏற்பட்டுள்ளன. கர்நாடகத்து ராமநகரம் அங்காடியில் முன்பு வாய்மொழி ஏலம் நடந்தது. பின்னர் கம்ப்யூட்டர் மூலம் ஏலம் விடும் முறை வந்தது. ஒருவர் கேட்ட விலையை மற்றொருவர் முகக்குறியால் அடக்கிவிடும் வழக்கத்திற்கு இதனால் இடம் குறைந்தது. எனினும் இது அன்றைய விலையை நேர்மையாக்குமேயன்றி அடுத்த பருவத்து விலையைச் சொல்லாது. இவ்விரண்டையும் ஒன்றென மயங்கலாகாது.

நெல்லுக்கும் எண்ணெய் வித்துக்கும் உள்ள ஏற்பாடுகள் செய்யாற்றுக் குடியானவர்களுக்கு இன்னும் சமீபமானவை. சென்னை மாகாணத்தில் 1933இல் வாணிபப் பயிர் மார்க்கெட்டுச் சட்டம் நிறைவேறி, 1936இல் திருப்பூரில் பருத்திக்கென முதல் ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் ஏற்பட்டது. அந்த வழியில் வந்ததே செய்யாற்றிலுள்ள விற்பனைக் கூடம். அறுவடைக் காலத்தில் நெல் மூட்டைகள் அங்கே மலையாகக் குவிகின்றன. விற்பனைக் கூடத்தின் சாரம், எடையும் விலையும் பலர் அறிய ஓர் ஏட்டில் எழுதப்படுவது தான். 2016ஆம் வருஷம் ஏப்ரல் 14ஆம் தேதி மத்திய சர்க்கார் தேசிய வேளாண் சந்தை என்னும் ஏற்பாட்டை 21 சந்தைகளோடு துவக்கினர். 2020ஆம் வருஷம் மே மாதத்தில் சந்தைகளின் தொகை 1000 ஆயிற்று. தமிழ்நாட்டு விற்பனைக் கூடங்கள் பலவும் இதில் சேர்ந்துள்ளன. வாயிலில் குடியானவர் பெயரும் மூட்டைத் தொகையும் பதிவாகிக் குவியலுக்கு எண் இடப்படுகிறது, தரம் சோதிக்கப்படுகிறது, வியாபாரிகள் இருந்த இடத்திலிருந்தே விலை கேட்கின்றனர், எடை போட்ட பின் பணம் பாங்கிக் கணக்கில் சேர்கிறது.

இம்முறையில் முக்கியமானது தரச் சோதனை. ஆரணி ஆலைக்காரர் தம் கையால் நெல்லை அள்ளிக் கடித்துப் பார்த்து விலை சொல்லுவார். நூறு மைலுக்கு அப்பாலுள்ள வியாபாரிக்கு அக்கை இல்லை. ஈரப்பதமும் கலப்பும் இவ்வளவென்று எழுதிய சீட்டே அவருக்குக் கண். அச்சீட்டு சரியாயில்லாவிடில் தூரத்து வியாபாரி கேட்க மாட்டார். பழைய உள்ளூர் வியாபாரிகளே மறுபடியும் மிஞ்சுவர். ஆதலின் கம்ப்யூட்டர் வந்துவிட்டதென்று மகிழ்வதற்கு முன், ஈரமானி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று விசாரிப்பது குடியானவருக்குத் தக்கது.

தனிக் கம்பெனி நடத்தும் பதிவேட்டிற்கு ஐ.டி.சி. கம்பெனியாரின் இ-சௌபால் தக்க உதாரணம். 2000ஆம் வருஷம் ஜூன் மாதம் மத்தியப் பிரதேசத்தில் சோயா மொச்சைக்காக இது துவக்கப்பட்டது. கிராமத்தில் மதிப்புள்ள ஒரு குடியானவர் வீட்டில் கம்ப்யூட்டர் வைக்கப்பட்டது. கம்பெனி கொடுக்கும் விலையும் சுற்றுச் சந்தைகளின் விலையும் அதில் தெரிந்தன. முன்பெல்லாம் வண்டி கட்டிச் சந்தைக்குப் போன பிறகே விலை தெரியும்; விலை பிடிக்காவிடினும் திரும்பிக் கொண்டு வரும் வாடகைக்கு அஞ்சி விற்றுவிடுவர். இப்பொழுது வண்டி கட்டுவதற்கு முன்பே விலையறிந்து, சந்தைக்கோ கம்பெனிக்கோ இஷ்டப்படி செல்லலாயிற்று. கம்பெனிக்கும் தரகுச் செலவு குறைந்தது. குடியானவருக்கு இதில் லாபமுண்டென்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஏடு கம்பெனியுடையது. அதில் எதை எழுதுவது, எப்பொழுது நிறுத்துவது என்பதும் கம்பெனியின் இஷ்டமே. பக்கத்தில் நன்றாக நடக்கும் பொதுச் சந்தை ஒன்று இருக்கும் வரையில் தான் கம்பெனியின் ஏடு ஒழுங்காயிருக்கும். சந்தை அழிந்து கம்பெனி ஒன்றே மிஞ்சுமாயின், அன்று விலை தெரிவதால் ஆகும் பயன் சொற்பம்.

கரும்பு விஷயத்தில் செய்யாற்றுப் பக்கத்தார் இம்முறைக்குப் பழையவர். அனக்காவூரிலுள்ள செய்யாறு கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு தருவோர் நடவு செய்ததும் பரப்பையும் நட்ட தேதியையும் பதிவு செய்கின்றனர். ஆலை அதைக் கொண்டு அரவைக்குத் திட்டமிட்டு, முதிர்ச்சிக்கேற்பக் கட்டிங் ஆர்டர் என்று வழங்கும் வெட்டு உத்தரவைக் கொடுக்கிறது. வெட்டிய கரும்பு ஒரு நாளுக்கு மேல் வெயிலில் கிடந்தால் எடையும் சர்க்கரையும் குறையும். ஆகையால் வெட்டுவோரும், வண்டியும், ஆலை வாயிலும் ஒரே கணக்கில் ஓட வேண்டும். பத்து மாதத்திற்கு முன்பே கரும்பின் வரவு ஆலைக்குத் தெரிந்திருப்பது போல, மல்பெரியின் வரவு தறிக்குத் தெரிந்திருந்தால் பட்டுத் தொழிலின் சரித்திரமே வேறு. பதிவு செய்த பரப்புக்கும் உண்மைப் பரப்புக்கும் பேதமிருந்தால் மாத்திரம் இங்கும் குழப்பம் உண்டாகிறது. சிலர் முன்னுரிமை வேண்டி நடவுத் தேதியை முன்தள்ளிச் சொல்லுவதும், சிலர் பதிந்த கரும்பை வெல்லத்துக்கு விற்றுவிடுவதும் எங்கும் உள்ள வழக்கம். அதனால் வயலில் காய்வது அயலாருடைய கரும்பு.

கிராம அதிகாரிகளுக்கு இதில் உள்ள பங்கு பெரிது. சர்வே எண்வாரியாக என்ன பயிர், எவ்வளவு பரப்பு என்று எழுதும் அடங்கல், வியாபாரக் கம்பெனிகள் இவ்விஷயத்தை நினைப்பதற்கு எத்தனையோ காலம் முன்பே ஏற்பட்ட பொதுத் தகவற் பதிவேடு. கர்ணம் என்னும் பரம்பரை உத்தியோகம் தமிழ்நாட்டில் 1980இல் நீக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர் அவ்வேலைக்கு வந்தனர். முன்பு அடங்கல் ஜமாபந்திக்கே முக்கியமாகப் பயன்பட்டது. வயலுக்குச் செல்லாமல் சென்ற பசலியின் கணக்கையே பெயர்த்தெழுதினாலும் தீர்வை வசூலுக்குப் பெருங்குறை நேர்ந்ததில்லை. இப்பொழுது அவ்வாறன்று. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல் போடுபவர் சாகுபடிக்குச் சான்றாக அடங்கலைக் காட்ட வேண்டும். எத்தனை மூட்டை வரும், சாக்கு எவ்வளவு வேண்டும், லாரி எத்தனை என்னும் உத்தேசமும் பயிர்ப் பரப்பைக் கொண்டே போடப்படுகிறது. பயிர்க் காப்புறுதிக்கும் அதுவே ஆதாரம். நெல் விளைந்த நிலத்தை வேர்க்கடலையென்று எழுதிவிட்டால், ஒரு குடும்பத்தின் மூட்டைகள் நிலைய வாசலில் நிற்கும். பல கிராமங்களில் அவ்வாறானால் அந்த நிலையத்துக்குச் சாக்கே போதாமற்போகும். மழை வந்தால் குவியல் நனைந்து, ஈரப்பதம் நூற்றுக்கு 17 என்னும் வரம்பைத் தாண்டும். 2024இல் தமிழ்நாட்டில் வயல்தோறும் சென்று கைபேசியில் பயிரைப் பதிவு செய்யும் கணக்கெடுப்பில் விவசாயக் கல்லூரி மாணவர்களும் ஈடுபடுத்தப்பட்டனர். படமும் இடக்குறிப்பும் சேர்வதால் பெயர்த்தெழுதுவது இனிக் கடினம். ஆயினும் ஒரே சர்வே எண்ணில் உட்பிரிவுகள் பல இருந்து, அண்ணன் தம்பிகள் வாய்மொழியாகப் பாகம் பிரித்து உழுதுவரும் நிலங்களில், எவர் பெயரில் எப்பயிர் என்பதைப் படம் சொல்லாது. அதை ஊரறிந்தவரே சொல்ல வேண்டும்.

ஆகவே நடவு முடிந்து பயிர் வேர் பிடித்த சமயத்திலேயே, நிலமுடையோர் தத்தம் அடங்கல் பதிவைக் கேட்டுப் பார்த்து, சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, பயிர்ப் பெயர், குத்தகைதாரர் இருப்பின் அவர் பெயர் ஆகியவற்றைச் சரிபார்ப்பது உத்தமம். தவறு காணின் அறுவடைக்கு முன்பே கிராம நிர்வாக அலுவலரிடம் எழுதிக் கொடுக்கலாம். அறுவடை முடிந்தபின் வயலில் தாள் மாத்திரம் இருக்கும். அது எவ்வகை நெல்லின் தாள், எந்தத் தேதியில் நட்டது என்று நிரூபிப்பது இரு தரப்பாருக்கும் கஷ்டம்.